சேலம் ஏரியாவும் தமிழ் ஆடியோவும்

ஒரு சின்ன வேலை செய்ங்க. உங்க போன்ல அனிமே பார்க்கிற ஆப்பைத் திறங்க. லீகல் ஆப்பைத்தான் சொல்றேன், இன்னொன்னைப் பத்தி அப்புறம் பேசுவோம். உங்களுக்குப் பிடிச்ச பத்து சீரிஸை எடுத்து, ஒவ்வொண்ணுலயும் ஆடியோ லிஸ்ட்டைப் பாருங்க. ஜப்பானியம் இருக்கும். இங்கிலீஷ் இருக்கும். பலதுல இந்தி இருக்கும். தமிழ்? சிலதுல இருக்கும், நிறையதுல இருக்காது. சப்டைட்டில் லிஸ்ட்டுக்குப் போனா நிலைமை இன்னும் மோசம்.

ஏன்னு நம்ம ஹாஸ்டல்ல கேட்டா ரெண்டு பதில் வரும். "தமிழ்ல யாருடா அனிமே பார்க்கிறா?"ன்னு ஒருத்தன் சொல்வான். "நம்மள எவனும் மதிக்கறதில்ல மச்சி"ன்னு இன்னொருத்தன் சொல்வான். நாலு வருஷமா இந்த ரெண்டையும் கேட்டுக்கிட்டே இருக்கேன். பாசம், மரியாதைன்னு யோசிச்சா இதுக்குப் பதில் கிடைக்காது மக்களே. இது உரிமையைத் துண்டு துண்டா வெட்டி விக்கிற வியாபாரம். அதைப் புரிஞ்சுக்க டோக்கியோ வரைக்கும் போக வேண்டாம். சேலம் போதும்.

ஏரியா

தமிழ் சினிமாவை விநியோகத்துக்காகப் பல ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை சிட்டி, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி–தஞ்சாவூர் என்று போகிற அந்த லிஸ்ட்டில் 'சேலம் ஏரியா'வும் ஒண்ணு. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டமும் அதுக்குள்ள வரும். "படம் சேலம் ஏரியாவுல இவ்வளவுக்குப் போயிருக்கு"ன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

அங்கே விற்பது படத்தை இல்லை. இந்த ஏரியாவுக்குள், இவ்வளவு காலத்துக்கு, தியேட்டரில் ஓட்டிக்கொள்ளும் உரிமையை விற்கிறார்கள். அதுல மூணு வழி இருக்கு. ஒண்ணு அவுட்ரைட்: மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டா, அதுக்கப்புறம் லாபமோ நஷ்டமோ வாங்கினவர் தலையில. ரெண்டாவது எம்ஜி, அதாவது மினிமம் கேரண்டி: விநியோகஸ்தர் முன்னாடியே ஒரு தொகையைக் கட்டிடணும். வசூல்ல அந்தத் தொகை, செலவு, கமிஷன் எல்லாம் எடுத்த பிறகு மிச்சம் இருந்தா ரெண்டு தரப்பும் பிரிச்சுக்குவாங்க. எடுக்க முடியலைன்னா நஷ்டம் விநியோகஸ்தருக்கு. மூணாவது கமிஷன்: படத்தை ஓட்டிக் கொடுத்து, வசூலில் ஒரு சதவீதம் எடுத்துக்கொள்வது.

இதைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா அனிமே லைசென்ஸ்ல பாதி புரிஞ்ச மாதிரிதான். அங்கேயும் எம்ஜி உண்டு, அங்கேயும் ஏரியா உண்டு. என்ன, சேலம் ஏரியாவுக்குப் பதிலா 'இந்தியா', 'தெற்காசியா', 'வட அமெரிக்கா'ன்னு பெரிய பெரிய ஏரியா. கூடவே இன்னும் மூணு கேள்வி சேரும். எந்த மொழியில? எந்த வழியில, அதாவது தியேட்டரா, டிவியா, ஓடிடியா, டிஸ்க்கா, டி-ஷர்ட்டா? எத்தனை வருஷத்துக்கு? இந்த நாலு கேள்விக்கும் தனித்தனியா விலை பேசலாம், தனித்தனி ஆளுக்கு விக்கலாம். தமிழ்ங்கிறது இந்த நாலுல ரெண்டாவது கேள்விக்குள்ள ஒரு மூலையில உக்காந்திருக்கு.

யார்கிட்ட கேக்கறது?

சரி, ஒருத்தர் தைரியமா "தமிழ் உரிமையை நான் வாங்கிக்கறேன்"ன்னு கிளம்பறார்னு வைங்க. யார்கிட்டப் போவார்?

ஜப்பானில் ஒரு அனிமேயை வழக்கமாக ஒரே கம்பெனி தனியாக எடுப்பதில்லை. மங்காவைப் போட்ட பதிப்பகம், டிவி சேனல், பாட்டு கம்பெனி, பொம்மை கம்பெனி, விளம்பர ஏஜென்சி என்று பல பேர் பணம் போட்டு ஒரு 'தயாரிப்புக் கமிட்டி' அமைப்பார்கள். திருச்செங்கோட்டுல நாலஞ்சு பேர் பங்கு போட்டு ஒரு ரிக் வண்டி எடுப்பாங்களே, அந்த மாதிரி. வண்டி எந்த ஊருக்குப் போர் போடப் போகணும்னாலும் பங்காளிகள் எல்லாரும் தலையாட்டணும். படத்தை வரைகிற ஸ்டுடியோ பல நேரம் அந்தப் பங்கில் இருப்பதே இல்லை. பேசின தொகைக்கு வரைஞ்சு கொடுத்துட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடும். 'டீமன் ஸ்லேயர்' இதுக்கு ஒரு விதிவிலக்கு. அனிபிளெக்ஸ், ஷூயிஷா, யூஃபோடேபிள் என்று மூணே பேர், அதுல வரைஞ்ச ஸ்டுடியோவும் பங்காளி.

பங்காளிகள் கூடக் கூட சம்மதம் வாங்குற வேலையும் கூடும். ஓப்பனிங் பாட்டு ஒருத்தர்கிட்ட, பொம்மை உரிமை ஒருத்தர்கிட்ட, வெளிநாட்டு விற்பனை ஒருத்தர்கிட்ட இருக்கும். 'சோலோ லெவலிங்'கை எடுத்துக்குங்க. கொரியாவில் சுகோங் என்ற பெயரில் எழுதப்பட்ட இணைய நாவல். அது வெப்டூன் ஆச்சு. அதை ஜப்பானில் ஏ-1 பிக்சர்ஸ் அனிமே ஆக்கியது. 2024ல கிரன்ச்சிரோல் வழியா உலகம் முழுக்கப் போச்சு, தமிழ் டப்பிங்கோடயும் வந்துச்சு. "எழு"ன்னு ஹீரோ தமிழ்ல சொல்றதுக்கு முன்னாடி எத்தனை கையெழுத்து விழுந்திருக்கும்னு யோசிங்க.

பர்மிட்

எங்க பெரியப்பா நாமக்கல்ல லாரி வச்சிருக்கார். சின்ன வயசுல லீவுக்குப் போனா அவர் வாயில அடிக்கடி வர்ற வார்த்தை பர்மிட். லாரி சொந்த லாரிதான், டீசல் சொந்தக் காசுதான். ஆனா தமிழ்நாடு பர்மிட் மட்டும் வச்சுக்கிட்டு ஓசூரைத் தாண்டி கர்நாடகாவுக்குள்ள லோடு ஏத்திக்கிட்டுப் போக முடியாது. நேஷனல் பர்மிட் வேணும். அதுக்கும் ஒரு தேதி இருக்கு, தேதி முடிஞ்சா வண்டி ஷெட்ல நிக்க வேண்டியதுதான்.

"இந்த வீடியோ உங்கள் பகுதியில் கிடைக்காது"ன்னு ஒரு ஸ்கிரீன் வருமே, அதுக்கு அர்த்தம் இதுதான். அந்தக் கம்பெனிகிட்ட படம் இருக்கு, நம்ம ஊருக்கான பர்மிட் இல்ல. போன மாசம் பார்த்த சீரிஸ் திடீர்னு காணாமப் போனா, தேதி முடிஞ்சிருக்கும். தேதி முடிஞ்சு வேற ஒருத்தர் வாங்கினா, பழைய ஆள் செலவு பண்ணி எடுத்த டப்பிங் புது ஆளுக்கு வருமாங்கறது தனிப் பேச்சுவார்த்தை. வரலைன்னா அந்தக் குரல்கள் எங்கேயோ ஒரு ஹார்டு டிஸ்க்ல தூங்கும்.

பழைய ஒப்பந்தம் ஒண்ணு எவ்வளவு தூரம் துரத்தும்கிறதுக்கு 'மாக்ராஸ்' நல்ல உதாரணம். 1982ல் ஜப்பான் டிவியில் வந்த மெக்கா சீரிஸ் அது. டாட்சுநோகோ என்ற கம்பெனியிடம் உரிமை வாங்கிய அமெரிக்காவின் ஹார்மனி கோல்ட், அதோடு வேற ரெண்டு சீரிஸையும் சேர்த்துத் தைத்து 1985ல் 'ரோபோடெக்' என்று ஓட்டியது. அதன் பிறகு எந்த உரிமை யாருக்கு என்று ஜப்பானிலேயே கோர்ட் வரை போனார்கள். பின்னால் வந்த மாக்ராஸ் தொடர்களில் பல, வெளிநாட்டில் முறையாக வெளியாக முடியாமல் வருஷக்கணக்கில் கிடந்தன. பிக்வெஸ்ட்டும் ஹார்மனி கோல்ட்டும் சமரசம் ஆனது 2021 ஏப்ரலில்தான். நம்ம அப்பா அம்மா பள்ளிக்கூடம் போனப்ப போட்ட கையெழுத்து, நம்ம ஆன்லைன் கிளாஸ் முடியற நேரத்துலதான் அவிழ்ந்திருக்கு.

நம்ம ஏரியாவுக்கு எப்போ வந்துச்சு?

உங்க முதல் அனிமே எது? 'நருட்டோ'ன்னு கெத்தா சொல்வீங்க. பொய். ஷின்-சான்தான்.

ஹங்காமா டிவி 2006ல் ஷின்-சானை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. நம்ம வயசுப் பிள்ளைகள் அவனைத் தமிழில் பேச வைத்துத்தான் வளர்ந்தோம். அது ஜப்பானில் பெரியவர்கள் படிக்கிற மங்கா பத்திரிகையில் ஆரம்பித்த கதை. இங்கே குழந்தைகள் சேனலில் போட்டதால் புகார் கிளம்பி 2008ல் அரசு நிறுத்தச் சொன்னது. பிறகு வெட்டி ஒட்டித் திரும்ப வந்தான். உரிமை வாங்கறதோட வேலை முடியறதில்லைன்னு இதுல தெரியுது. யாருக்காக எடுத்ததோ அவங்களுக்கு விக்காம வேற ஆளுக்கு வித்தா, கத்தரிக்கோல் செலவும் சேரும்.

அனிமேக்கென்றே வந்த சேனல் அனிமேக்ஸ். சோனி 2004ல் இந்தியாவில் தொடங்கி, 2017ல் டிவியில் நிறுத்திவிட்டது. சேனல் போன அப்புறம் நிறைய பேருக்கு மிஞ்சியது டவுன்லோடு மட்டும்தான்.

தியேட்டர் கதை இன்னும் சுவாரசியம். 2019ல் மகோடோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' வரப் போகிறது என்றதும், இதை இந்தியத் தியேட்டரில் போடுங்கள் என்று ரசிகர்கள் ஆன்லைனில் மனு போட்டார்கள். 50,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலையில் ஜப்பானில் வெளியான படம் அக்டோபர் 11 அன்று இந்தியாவில் வெளியானது. ஆறு வருஷம் கழித்து 2025 செப்டம்பர் 12ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' வந்தபோது மனு எதுவும் தேவைப்படவில்லை. ஜப்பானியம், இங்கிலீஷ், இந்தி, தமிழ், தெலுங்கு என்று ஐந்து மொழியில் இறங்கி, இந்தியாவில் அதுவரை எந்த அனிமே படமும் தொடாத வசூலைத் தொட்டது.

ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறுச்சு? வாங்கறவர், விக்கறவர், விநியோகம் பண்றவர் எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள வந்துட்டாங்க. சோனி குழுமத்தில் உள்ள அனிபிளெக்ஸ் டீமன் ஸ்லேயர் கமிட்டியில் ஒரு பங்காளி. கிரன்ச்சிரோலை 2021ல் 117.5 கோடி டாலருக்கு வாங்கியதும் சோனி குழுமம். தியேட்டருக்கு சோனி பிக்சர்ஸ் இருக்கு. பங்காளி, மொத்த வியாபாரி, லாரிக்காரர் எல்லாரும் அண்ணன் தம்பி ஆயிட்டா பர்மிட் சீக்கிரம் கிடைக்கத்தானே செய்யும்? நல்லதா கெட்டதான்னு நீங்களே யோசிங்க. ஒரே கடை இருந்தா சரக்கு வேகமா வரும், விலையையும் அந்தக் கடையே சொல்லும்.

கதை நம்ம கதையா இருந்தாலும் இந்தச் சிக்கல் விடறதில்ல. யூகோ சாகோவும் ராம் மோகனும் கொய்ச்சி சசாகியும் சேர்ந்து எடுத்த 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' 1993 ஜனவரியில் இந்தியத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அயோத்திப் பதற்றம் அடங்காத நேரம் அது. பிறகு டிவியில் பார்த்தவர்கள் உண்டு. தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தது 2025 ஜனவரி 24ல். 32 வருஷம்!

1266 பேர்

இப்போ நம்ம கணக்கு. இது நானே வச்சுக்கிட்ட கற்பனை எண், எந்தக் கம்பெனி கணக்கும் கிடையாது. ஒரு எபிசோடுக்குத் தமிழ் டப்பிங் செலவு 1 லட்சம்னு வைங்க. வசனம் எழுதறவர், குரல் கொடுக்கறவங்க, ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங் எல்லாம் சேர்த்து. 12 எபிசோடுக்கு 12 லட்சம்.

கிரன்ச்சிரோல் 2022ல் இந்தியாவில் சந்தாவைக் குறைத்து மாசம் 79 ரூபாயில் ஆரம்பிக்கிற மாதிரி வைத்தது. அமெரிக்காவில் அதே திட்டம் அப்போது 7.99 டாலர். 79 ரூபாய்னா வருஷத்துக்கு 948 ரூபாய். 12 லட்சத்தை 948ஆல வகுத்தா 1266 பேர் வருது.

அவ்வளவுதான்! தமிழ் ஆடியோவுக்காகவே புதுசா 1266 பேர் சேர்ந்து ஒரு வருஷம் சந்தா கட்டினா டப்பிங் காசு வந்துடும். நம்ம ஒரு காலேஜ்லயே அதுக்கு மேல ஆள் இருக்கோம். ஆனா அதுல வரியும் பேமெண்ட் கட்டணமும் போகணும், ஜப்பானுக்குக் கட்டின எம்ஜியில ஒரு பங்கு போகணும், விளம்பரம் இருக்கு. மூணு மடங்குன்னு வச்சாலும் 3800 பேர். சேலம், நாமக்கல் ரெண்டு மாவட்டத்துல எத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

அப்புறம் ஏன் வரல? அந்த 3800 பேரும் கண்ணுக்குத் தெரியறதில்ல, அதனால. நம்ம மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுங்க ஜப்பானிய ஆடியோ, இங்கிலீஷ் சப்டைட்டில் வச்சுப் பார்க்கிறோம். சர்வர்ல நாம 'இங்கிலீஷ்' கட்டத்துல விழறோம். ஒரு அக்கவுண்ட்டை நாலு ரூம் சேர்ந்து பார்த்தா நாலு பேரும் ஒரே ஆள். டெலிகிராம்ல பார்க்கிறவங்க எந்தக் கட்டத்துலயும் இல்ல. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் விக்கிற நருட்டோ டி-ஷர்ட் காசுல ஒரு பைசாகூட ஜப்பான் போகாது, அதனால அந்த விற்பனையும் எந்த ரிப்போர்ட்லயும் வராது. டோக்கியோவுல ஒருத்தர் எக்செல் ஷீட் திறந்து பார்த்தா 'இந்தியா'ன்னு ஒரு வரி இருக்கும். அதுக்குள்ள தமிழ்னு ஒரு பத்தி இருக்கணுமா வேண்டாமான்னு அவர் முடிவு பண்றதுக்கு நம்ம கிட்டயிருந்து போற தகவல் ரொம்பக் குறைச்சல்.

அண்ணா

"சப்டைட்டில் படிக்கத் தெரியுதுல்ல, அப்புறம் உனக்கென்ன?"ன்னு கேப்பீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. உண்மையைச் சொல்லணும்னா தமிழைவிட இங்கிலீஷ்லதான் நான் வேகமா வாசிப்பேன். பிரச்சினை என் தம்பிக்கு.

தம்பின்னா சித்தி பையன். ராசிபுரம் பக்கம், அரசுப் பள்ளி, ஒன்பதாவது, தமிழ் மீடியம். லீவுக்கு வந்தா என் லேப்டாப்தான் அவனுக்கு உலகம். இங்கிலீஷ் சப்டைட்டில் ஓட ஓட நான் தமிழ்ல சொல்லணும். "இப்ப என்னங்ண்ணா சொன்னான்?" "ஏங்ண்ணா அழறான்?" 24 நிமிஷ எபிசோடு முக்கால் மணி நேரம் ஓடும். நான் சுருக்கிச் சொன்னா கண்டுபிடிச்சிடுவான். "அவன் இவ்வளவு நேரம் பேசினான், நீங்க ரெண்டு வார்த்தைல முடிக்கறீங்க"ன்னு சண்டை.

போன செப்டம்பர்ல அவனையும் சித்தியையும் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் இன்ஃபினிட்டி கேஸில் தமிழ்ல பார்த்தோம். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடற படம். தம்பி என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல. அகாஸாவோட பழைய கதை வர்ற இடத்துல திரும்பிப் பார்த்தேன், சித்தி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. வெளிய வந்ததும், "அந்தப் பையனுக்குன்னு சொல்ல ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்களே சாமி"ன்னாங்க. ஜப்பான்ல எடுத்த ஒரு படத்துல வர்ற அரக்கனுக்காக ராசிபுரத்துக்காரம்மா வருத்தப்படறாங்க. இங்கிலீஷ் சப்டைட்டிலோட இருந்திருந்தா அவங்க தியேட்டருக்கே வந்திருக்க மாட்டாங்க.

டப்பிங் எல்லாமே அருமைன்னு சொல்ல வரல. எனக்குக் காது கூசின இடமும் உண்டு. அதுக்குக் காரணம் நடிச்சவங்களைவிடப் பாதைதான்னு நினைக்கிறேன். பல நேரம் வசனம் ஜப்பானியத்துலேர்ந்து இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வருது. ஜப்பானியத்தில் ஒருத்தர் பெயருக்குப் பின்னால் சான், குன், சாமா, சென்பாய் என்று எது சேர்கிறது என்பதிலேயே உறவு தெரிந்துவிடும். இங்கிலீஷ் எல்லாத்தையும் ஒரே 'யூ'வாக்கிடும். தமிழுக்கு வரும்போது எழுதறவர் மறுபடியும் யோசிக்கணும்: இங்க 'நீ'யா, 'நீங்க'ளா? 'டா' போடலாமா? வாத்தியாரை 'ஐயா'ன்னா, 'மாஸ்டர்'னா? 'நீ-சான்'னு தங்கச்சி கூப்பிட்டா இங்கிலீஷ்ல 'பிரதர்'னு விறைப்பா வரும். நம்ம கிட்ட 'அண்ணா' ரெடியா இருக்கு, தினமும் கூப்பிடற வார்த்தை. ஜப்பானியத்துலேர்ந்து நேரா தமிழுக்கு வந்தா நிறைய இடத்துல இங்கிலீஷைவிட நம்மகிட்ட ஒட்டிக்கும். அப்படி எழுத ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆள் வேணும். ஆள் வேணும்னா சம்பளம் வேணும். திரும்ப அந்த 3800 பேருக்கே வந்து நிக்கறோம்.

டெலிகிராம்

ஆரம்பத்துல விட்ட விஷயத்துக்கு வர்றேன். திருட்டுக் காப்பி பார்க்கிறது பாவம்னு லெக்சர் அடிக்கப் போறதில்ல. இந்த வியாபாரமே பாதி அங்கிருந்து பிறந்ததுதான். கிரன்ச்சிரோல் 2006ல் தொடங்கியபோது, ரசிகர்கள் அனுமதி இல்லாமல் ஏற்றுகிற வீடியோக்கள் குவிந்த தளம் அது. முதலீடு வந்ததும் உரிமையாளர்களோடு பேசி, 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவுடன் சேர்ந்து 'நருட்டோ ஷிப்பூடென்'னை முறையாகப் போட ஆரம்பித்தார்கள். ஜப்பானில் ஓடிய கையோடு இங்கிலீஷ் சப்டைட்டிலோடு கொடுத்தார்கள். ரசிகர்கள் ராத்திரி கண் முழித்து சப்டைட்டில் போட்டதுதான் "இங்கே கூட்டம் இருக்கு" என்று கம்பெனிகளுக்குக் காட்டியது.

ஆனா தமிழ்ல அந்த ரெண்டாவது படி இன்னும் முழுசா நடக்கல. டெலிகிராம்ல தமிழ் டப்பிங்னு தேடறவங்க கூட்டம் பெருசா இருந்தும், அந்தக் கூட்டம் எந்தக் கமிட்டி மேஜைக்கும் எண்ணிக்கையா போய்ச் சேரறதில்ல. தமிழ்ல வந்த ஒரு சீசனை நாம திருட்டுக் காப்பியில பார்த்தா, "தமிழ்ல போட்டோம், யாரும் பார்க்கல"ன்னு ஷீட்ல விழும். அடுத்த சீசனுக்குத் தமிழ் இருக்காது. நஷ்டம் இங்கிலீஷ் தெரிஞ்ச நமக்கு இல்ல, என் தம்பிக்கு.

முறையாப் போறது சுலபம்னும் சொல்ல மாட்டேன். ரெண்டாம் வருஷம் நம்ம தமிழ் மன்றத்துல ஒரு அனிமே படம் போடலாம்னு பேசினோம். சொந்த அக்கவுண்ட்ல சந்தா கட்டியிருந்தாலும் அது வீட்டுல பார்க்கத்தான், ஆடிட்டோரியத்துல போட தனி உரிமை வேணும். ஒரு கம்பெனிக்கு மெயில் போட்டோம். ஒன்றரை மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு: இந்தியாவுக்கான தியேட்டர் அல்லாத திரையிடல் உரிமை எங்களிடம் இல்லை. யார்கிட்ட இருக்குன்னு கேட்டு இன்னொரு மெயில் போட்டோம். அதுக்குப் பதிலே வரல. காசு கொடுக்கத் தயாரா 200 பேர் இருந்தோம், வாங்கறதுக்குத்தான் ஆள் இல்ல.

1917

அப்புறம் மன்றத்துல ஒரு அக்கா சட்டத்தைத் தேடிப் படிச்சுட்டு வந்தாங்க. இந்தியச் சட்டப்படி ஒரு சினிமாவுக்குப் பதிப்புரிமை, வெளியான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம். அப்படின்னா ரொம்பப் பழைய அனிமேக்கு யார் பர்மிட்டும் வேண்டாம். அப்படித்தான் 'நமகுரா கத்தானா' கிடைச்சது. 1917ல் கோவுச்சி ஜுனிச்சி எடுத்தது. கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஜப்பானிய அனிமேஷன்களில் ஒன்று. ஒசாகாவில் ஒரு பழைய பொருள் சந்தையில் அகப்பட்ட பிலிம். மொத்தமே சில நிமிஷம்தான். மொக்கை வாளை வாங்கிட்டு வந்த ஒரு சாமுராய், அதைச் சோதிச்சுப் பார்க்கப் போய் அடி வாங்கறான்.

ஊமைப்படம். ஜப்பானில் அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவரை 'பென்ஷி' என்பார்கள். நம்ம ஊர் கொட்டகைகளிலும் ஊமைப்படத்துக்கு அப்படிக் கதை சொல்ல ஆள் இருந்தது. சங்ககிரிக்கார சீனியர் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு அந்த சாமுராய்க்குச் சுத்தமான கொங்குத் தமிழ்ல குரல் கொடுத்தார். "ஏனுங்க, இந்தக் கத்தி வெண்டைக்காகூட வெட்டாது போலிருக்குதுங்க"ன்னு ஆரம்பிச்சதும் ஹால் அதிர்ந்துச்சு. மூணு தடவை திரும்பப் போடச் சொன்னாங்க.

இந்த வேலை நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. ஏற்காடு போற ரோட்டுல ஒரு பழைய வளைவு நிக்குதே, மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் 1935ல் தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938ல் அங்கே இருந்துதான் வந்தது. 1952ல் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு இங்கிலீஷ் படத்தையே எடுத்தார்கள், தமிழில் அது 'காடு'. ஒரு கதையைப் பல மொழிக்காரருக்கு விக்கிற தொழிலைச் சேலத்துல இருந்துக்கிட்டே அப்போ செஞ்சிருக்காங்க.

அதனால உங்ககிட்ட கேக்கறது ரெண்டே விஷயம். தமிழ் ஆடியோ இருக்கிற சீரிஸ் ஒண்ணை, இன்ட்ரோவுலேர்ந்து கடைசி வரைக்கும், லீகல் ஆப்ல தமிழ்ல பாருங்க. வீட்டுல இங்கிலீஷ் படிக்காத யாராவது இருந்தா பக்கத்துல உக்கார வச்சுக்குங்க. டப்பிங் பிடிக்கலைன்னா எந்த எபிசோடு, எந்த நிமிஷம், எந்த வார்த்தைன்னு அந்த ஆப்புக்கே எழுதுங்க. "டப்பிங் மொக்கை"ன்னு மட்டும் எழுதினா அவங்களுக்கு உதவாது.

ரெண்டாவது, இந்த செமஸ்டர் வியாழக்கிழமை சாயங்காலம் மன்றத்துல சப்டைட்டில் போடப் பழகறோம். நம்ம சினிமா கிளப் பசங்க எடுத்த குறும்படங்கள்தான் இப்போதைக்கு, எடுத்தவங்க சம்மதம் வாங்கியாச்சு. ஒரு வரிக்கு எத்தனை எழுத்து, திரையில எத்தனை செகண்டு நிக்கணும், 'நீ' எங்க 'நீங்க' எங்க, இதையெல்லாம் உக்காந்து சண்டை போட்டு முடிவு பண்றோம். ஜப்பானிய மொழி ஆன்லைன்ல படிக்கிறவங்க ரெண்டு பேர் இருக்காங்க, மூணாவது ஆள் வேணும். லேப்டாப் கொண்டு வாங்க. சார்ஜர் மறக்காதீங்க, அந்த ரூம்ல ஒரு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்யுது.